ஏழாவது இழுப்பு

நாகமுத்துவின் மரம் அறுக்கும் மெஷின் ஏழாவது இழுப்பில்தான் ஸ்டார்ட் ஆகும். ஆறில் ஆகாது. எட்டு வரை போக அவரும் விடமாட்டார். முதல் மூன்று இழுப்பு வெறும் மரியாதைக்கு. நான்காவது முடிந்ததும் பிளக்கைக் கழற்றி, வாயால் ஊதி, கட்டியிருக்கும் சாரத்தின் ஓரத்தில் துடைத்து மாட்டுவார். ஐந்தாவதுக்கு முன் மெஷினின் இடது பக்கத்தில் உள்ளங்கையால் இரண்டு தட்டு. ஆறாவதில் அது இருமும். அப்போது கூடி நிற்பவர்களை ஒருமுறை சுற்றிப் பார்த்துக்கொள்வார். ஏழாவதில் அது உறுமிக்கொண்டு கிளம்பும்போது, உக்குவளைக்கு மேலே இருக்கும் அந்தத் தோட்டத்தில் துரைக்கு அடுத்த ஆள் அவர்தான்.

பதினாலு வருஷத்துக்கு முன்பு அவர் எல்லோரையும் போல மிளகு பறித்துக்கொண்டு, எல்லோரையும் போல "டேய் நாகமுத்து" என்று கூப்பிடப்பட்டவர். மரம் வெட்டும் கொந்தராத்துக்காரர் ஒருவரிடம் அந்த மெஷினை அரைப் பழசாக வாங்கிய மறுமாதமே "மெஷின் அண்ணே" ஆகிவிட்டார். ரோட்டில் அல்பீசியா மரம் சாய்ந்தாலும், கோயில் சுவரில் மாங்கொப்பு உரசினாலும் ஆள் அனுப்புவார்கள். ஆள் வந்ததும் ஓடிப்போகிற பழக்கம் அவருக்கு இல்லை. போனதும் மரத்தைச் சுற்றி ஒரு நடை, பிறகு யாராவது தேத்தண்ணி கொண்டுவரும் வரை ஒரு கல்லில் உட்கார்வது, அதற்குப் பிறகுதான் முதல் இழுப்பு. தோட்டத்து ஆபீஸ் கிளாக்கரையா கூட அவர் குடித்து முடிக்கும் வரை கைகட்டி நின்றிருக்கிறார்.

ஏழு இழுப்பில் இன்னொரு நன்மையும் இருந்தது. அவர் மனைவி கிருஷ்ணம்மாவின் தம்பி ஜீவராஜ், அவர்கள் குடியிருந்த லயத்து வரிசையிலேயே கடைசிக் காம்பராவில் இருந்தான். இரவல் வாங்குவதில் அவனுக்கு நிகர் அவன்தான். நாகமுத்துவின் குழி தோண்டும் அலவாங்கு அவனிடம் போய் இரண்டு தீபாவளி கடந்துவிட்டது. ஏணி போனது போனதுதான். மெஷினை மட்டும் அவன் ஒரு தரம் வாங்கிப் போய், கை வீங்க இழுத்துவிட்டு, அன்றைக்கே திரும்பக் கொண்டுவந்து வைத்தான். "இது உங்களுக்கு மட்டுந்தான் அடங்கும் மச்சான்" என்றான். வாழ்க்கையில் நாகமுத்துவுக்குக் கிடைத்த பெரிய பட்டம் அது.

மெஷின் அறுக்காத மரம் அந்தச் சுற்றுவட்டாரத்தில் ஒன்றே ஒன்றுதான் இருந்தது. அது அவர் வீட்டு மரம். சமைக்கிற குசினிக்கு மேலே அல்பீசியாக் கொப்பு ஒன்று ஆள் தடிமனில் நீட்டிக்கொண்டிருந்தது. அல்பீசியாவுக்குக் காற்று தேவையில்லை, சும்மாவே முறிந்து விழும். நாலு வருஷமாகக் கிருஷ்ணம்மா சொல்லிக்கொண்டிருந்தாள். நாலு வருஷமாக அவரும் "மெஷின் சரியில்ல, பாத்துக்கலாம்" என்று சொல்லிக்கொண்டிருந்தார். உண்மை என்னவென்றால், சொந்த வீட்டு மரத்தை அறுக்க யார் கூடுவார்கள்? தேத்தண்ணியும் அதே குசினியிலிருந்துதான் வர வேண்டும்.

இப்படி ஓடிக்கொண்டிருந்த மெஷின் போன வைகாசியில் அவரைக் கைவிட்டது. ரோட்டை அடைத்து ஒரு மரம் விழுந்து, ஸ்கூல் வேனும் மாத்தளை பஸ்ஸும் நின்றுவிட்டன. பெரிய கூட்டம். நாகமுத்து தேத்தண்ணியைக் குடித்துவிட்டு எழுந்தார். ஏழு வந்தது, போனது. பதினைந்தாவதில் யாரோ போனில் படம் பிடிக்கத் தொடங்கினார்கள். முப்பத்தோராவதில் அவர் கீழே உட்கார்ந்துவிட்டார். நாலு பேர் கோடாலியும் கைவாளும் கொண்டுவந்து முக்கால் மணி நேரத்தில் வேலையை முடித்தார்கள். யாரும் அவரை ஒரு வார்த்தை திட்டவில்லை. அதைத்தான் அவரால் தாங்க முடியவில்லை.

பழையதைத் திருத்துவதா, புதுசு வாங்குவதா என்று லயமே யோசித்தது. தம்புள்ளையில் மரக்கறிக் கடையொன்றில் வேலை செய்யும் மகள் நிஷாந்தி போனில், "புதுசு எடுங்கப்பா, பட்டனைத் தட்டி ஒரு தடவ இழுத்தாப் போதும், நானே ஓட்டலாம்" என்றாள். ஒரு தடவை என்றதும் நாகமுத்து போனை வைத்துவிட்டார். அடுத்து ஜீவராஜ் வந்தான்.

"புதுசே வாங்குங்க மச்சான். பாதி நான் போடுறேன்."

பாதி போட்டால் பாதி நாள் அவன் வீட்டில் இருக்கும். மற்றப் பாதி நாளும் அங்கேதான் இருக்கும். நாகமுத்து அந்த நிமிஷமே முடிவு செய்துவிட்டார். பழையதைத்தான் திருத்துவது. "பழகின சாமான்" என்று எல்லோரிடமும் நெஞ்சைத் தொட்டுச் சொன்னார். கேட்டவர்களுக்குக் கண் கலங்கியது.

மாத்தளை டவுனில் ரிஸ்வி நானாவின் கராஜ். ரிஸ்வி மெஷினைப் பிரித்துப் பார்த்துவிட்டு உதட்டைப் பிதுக்கினார்.

"பிஸ்டன் போச்சு, ரிங் போச்சு. பெட்ரோல் குழாயில வெடிப்பு. இந்த வெடிப்புதான் உங்கள இத்தன வருஷம் இழுக்க வெச்சது. எல்லாத்தையும் மாத்தித் தாறேன் அண்ணே, ஒரே இழுப்பு."

நாகமுத்து கடையைச் சுற்றிப் பார்த்தார். வேறு யாரும் இல்லை.

"மத்ததெல்லாம் மாத்திருங்க நானா. அந்தக் குழாய் மட்டும் இருக்கட்டும்."

"எந்தக் குழாய்?"

"வெடிச்ச குழாய். ஒரு ஆறேழு இழுப்பு இழுத்தா ஸ்டார்ட் ஆகுற மாதிரி செஞ்சு குடுங்க, போதும்."

ரிஸ்வி கையிலிருந்த ஸ்பேனரை மெதுவாகக் கீழே வைத்தார். "இருவது வருஷமா இந்தக் கடையில ஈக்கிறேன். ஸ்டார்ட் ஆகாம செஞ்சு தாங்கன்னு கேட்ட மொத ஆள் நீங்கதான். அப்பிடி ஒரு சாமான் இங்கயிருந்து வெளிய போனா என் பேரு என்னாகுறது?"

ஒருவருக்கு ஏழில் பெயர், இன்னொருவருக்கு ஒன்றில் பெயர். காசு கொடுப்பவர் நாகமுத்துவாக இருந்தாலும் ஸ்பேனர் ரிஸ்வியிடம் இருந்தது. குழாய் புதுசாகிவிட்டது.

மெஷினை வீட்டுக்குக் கொண்டுவந்த நாகமுத்து, கிருஷ்ணம்மா தண்ணி பிடிக்கப் போன நேரம் பார்த்து ஒரு தரம் இழுத்தார். உடனே கிளம்பியது. திருட்டுப் பொருளோடு பிடிபட்டவர் போல அவசரமாக அணைத்தார். மறுநாள்தான் அவருக்கு அந்த யோசனை வந்தது. ஸ்விட்சை அணைத்து வைத்துவிட்டு இழுத்தால் எத்தனை தரம் வேண்டுமானாலும் இழுக்கலாமே.

அதற்குப் பிறகு எல்லாம் பழையபடி நடந்தது. தேத்தண்ணி, மூன்று இழுப்பு, ஊதல், துடைப்பு, தட்டு. ஆறாவதில் மெஷின் இருமாததால், சில நேரம் அவரே கொஞ்சம் இருமிக்கொண்டார். ஏழாவதுக்குக் குனியும்போது பெருவிரல் ஸ்விட்சைத் தட்டிவிடும். கூட்டம் மூச்சு விட்டது. ஜீவராஜ் பக்கத்திலேயே வரவில்லை. புதுச் சாமான் போட்ட மெஷினும் அவருக்குத்தான் அடங்குகிறது என்று பெயர் இன்னும் கூடியது. வீட்டில் கொப்புப் பேச்சு வந்தபோது, "இன்னும் செட் ஆகல" என்றார்.

கோயிலடியில் ஒரு மரம் அறுத்த அன்றைக்குத் தேத்தண்ணி கொண்டுவந்தவள் கிருஷ்ணம்மா. கோப்பையைத் திரும்ப வாங்க அவருக்குப் பின்னால் நின்றாள். கூட்டம் மெஷினைப் பார்த்தது. அவள் பெருவிரலைப் பார்த்தாள். கோப்பையை வாங்கிக்கொண்டு போனாள்.

ஞாயிற்றுக்கிழமை காலை நாகமுத்து கடைச் சந்தியில் நின்று, போன வார மரத்தைப் பற்றி யாருக்கோ விளக்கிக்கொண்டிருந்தார். லயத்துப் பக்கமிருந்து மெஷின் சத்தம் கேட்டது. அவருடைய மெஷின். அதற்கு முன் இழுத்த சத்தமே கேட்கவில்லை. செருப்பு ஒன்று கழன்று விழ ஓடினார்.

வாசலில் மெஷின் தரையில் இருந்து ஓடிக்கொண்டிருந்தது. லயமே வெளியில் வந்து நின்றது. ஜீவராஜ் முன் வரிசையில், வாய் திறந்தபடி. கிருஷ்ணம்மா முந்தானையில் கையைத் துடைத்துக்கொண்டிருந்தாள்.

"ஸ்டார்ட் ஆகிருச்சு" என்றாள். "ஏறி வெட்டுங்க."

மிச்சமிருந்த செருப்பையும் அவர் கழற்றிப் போட்டார். மரத்தில் ஏறினார். கயிற்றில் கட்டி, துண்டு துண்டாகக் கொப்பை இறக்கினார். அரை மணி நேரம்கூட ஆகவில்லை. நாலு வருஷத்து வேலை அவ்வளவுதான் இருந்தது. யாரும் தேத்தண்ணி கொண்டுவரவில்லை, அவரும் எதிர்பார்க்கவில்லை.

இறங்கி, ஓடிக்கொண்டிருந்த மெஷினை வாசலில் வைத்துவிட்டு, கூரையில் எங்கேயாவது அடிபட்டிருக்கிறதா என்று பார்க்கக் குசினிக்குள் போனார். தகரத்து ஓட்டைகளில் வெயில் விழுந்தது. அடுப்பு இருக்க வேண்டிய இடத்தில், கொப்பு நின்றதற்கு நேர் கீழே, கரி படிந்த தரை மட்டும் இருந்தது. அடுப்பு மூலையில் இருந்தது, தண்ணி பீப்பாய்க்கும் சுவருக்கும் நடுவில். நிமிர்ந்தால் தலை இடிக்கிற இடம். அங்கே குனிந்துதான் சமைக்க முடியும். தினம் மூன்று வேளை இந்தக் குசினியிலிருந்து வந்ததைச் சாப்பிட்டவருக்கு அது தெரியாது.

"எப்ப மாத்துன?"

"போன வருஷத்துக்கு முந்தின வருஷம்."

"எனக்குச் சொல்லவே இல்லையே."

"சொன்னேன். மெஷின் சரியில்லன்னீங்க."

நாகமுத்துவுக்கு வெட்கம் பிடுங்கித் தின்றது. முப்பத்தொரு தரம் இழுத்த அன்றைக்குக்கூட இப்படி இல்லை. குனிந்து, அடுப்புக் கற்களை ஒவ்வொன்றாகத் தூக்கிப் பழைய இடத்துக்குக் கொண்டுவந்து வைத்தார்.

வெளியே ஜீவராஜ் மெஷினை அணைத்துவிட்டு, ஸ்விட்சைத் தட்டி ஒரு தரம் இழுத்துப் பார்த்தான். கிளம்பியது. சத்தம் மெதுவாகக் கடைசிக் காம்பரா பக்கம் போய்க்கொண்டிருந்தது. நாகமுத்து கடைசிக் கல்லை நேராக வைத்துவிட்டு, அடுப்பில் நெருப்பு மூட்டினார்.