பச்சைக் கரைத் துண்டு

பீரோவின் அடித்தட்டில் ஒரு பச்சைக் கரைத் துண்டு கிடக்கிறது. எங்கள் சங்கரன்கோவில் விசைத்தறியில் நெய்ததுதான். நன்றாகத் துவைத்து மடித்து வைத்திருக்கிறது. ஆனாலும் பீரோவைத் திறந்தாலே எனக்குக் குமட்டுகிறது. என் மனைவி அதை எடுத்து முகர்ந்து பார்த்துவிட்டு, "சோப்பு வாசந்தான் அடிக்கு. ஒங்களுக்குத்தான் என்னமோ பண்ணுது" என்கிறாள்.

கதை எழுதுகிறவன் என்று என்னை இன்று நாலு பேருக்குத் தெரியும். அதற்கு முன்னால் துண்டு, சேலை சாம்பிள் மூட்டையைத் தூக்கிக்கொண்டு வடக்கே ஊர் ஊராகப் போய் ஆர்டர் பிடித்துக்கொண்டிருந்தேன். என்னைக் கூட்டிக்கொண்டு அலைந்தவர் தொழிலில் எனக்கு மூத்தவர், எல்லோருக்கும் அண்ணாச்சி. "என் கதையெல்லாம் ரயிலில் கிடைத்தது" என்று மேடைக்கு மேடை பெருமையாகச் சொல்லுவேன். எதிர் சீட்டில் அழுதவள், படியில் தொங்கினவன், யாரையும் விட்டதில்லை, வாரிக்கொண்டு வந்து எழுதிவிடுவேன். வாரியதெல்லாம் என்னுடையதா என்று ஒருநாளும் யோசித்ததில்லை. த்தூ.

மகாராஷ்டிரப் பக்கம் போன ரயிலில், சித்திரை வெயில் கொதிக்கிற ஒரு மத்தியானம். சாதாரணப் பெட்டி, நெருக்கியடித்த கூட்டம். ஏதோ ஒரு ஸ்டேஷனில் வாங்கித் தின்ற பூரி அண்ணாச்சிக்கு ஒத்துக்கொள்ளவில்லை. வாந்தியும் பேதியும் ஒன்றாகப் பிடித்துக்கொண்டது. கழிப்பறைக்கு எழுந்தவர் வாசலிலேயே சரிந்து விழுந்தார். வேட்டி, சட்டை, தரை எல்லாம் நாசம். "ஏலே தம்பி" என்று ஒரே ஒரு தடவை கூப்பிட்டார், அதோடு கண் செருகிவிட்டது. ஜனங்கள் மூக்கைப் பொத்திக்கொண்டு விலகினார்கள். முதலில் விலகினவன் நான்தான். பெட்டியின் மறுகோடிக்குப் போய், அவர் யாரோ நான் யாரோ என்கிற மாதிரி ஜன்னலோரம் நின்றுகொண்டேன்.

கொய்யாப்பழம் விற்கிற கிழவி ஒருத்தி கூடையை இறக்கி வைத்தாள். வளையலை முழங்கைக்கு மேலே ஏற்றிவிட்டுக்கொண்டு, குழாயில் தண்ணீர் பிடித்துப் பிடித்து ஊற்றி அந்த மனுஷனைக் கழுவினாள். எங்கள் சாம்பிள் மூட்டையைத் தானே அவிழ்த்து, துண்டு துண்டாக எடுத்துத் துடைத்தாள். கடைசியில் ஒரு பச்சைக் கரைத் துண்டை அவர் இடுப்பில் சுற்றிவிட்டு, அடுத்த ஸ்டேஷனில் கூடையோடு இறங்கிப் போய்விட்டாள். அத்தனையையும் தள்ளி நின்று நான் பார்த்துக்கொண்டிருந்தேன். கேவலம் என்னவென்றால், அப்போதே அந்த வளையலை மனசுக்குள் குறித்து வைத்துக்கொண்டேன். அவள் இறங்கின பிறகுதான் திரும்பி வந்து அண்ணாச்சியின் தலைமாட்டில் உட்கார்ந்தேன்.

கண் விழித்ததும், "யாருலே என்னையக் கழுவிவிட்டது?" என்று கேட்டார்.

"யாரோ ஒரு ஆளு அண்ணாச்சி. எறங்கிப் போயிட்டாரு."

கிழவி என்று சொன்னால், ஒரு வயசான பொம்பளையைக் கழுவவிட்டு நீ எங்கே இருந்தாய் என்று கேட்பாரே. அந்த வருஷத்திலிருந்து ஒவ்வோர் ஆடித் தபசுத் திருவிழாவுக்கும், கொடியேறின பிறகு, கோமதியம்மன் கோயில் பிரகாரத்தை அந்த முகம் தெரியாத ஆளுக்காக நூற்றியொரு தடவை சுற்றினார் அண்ணாச்சி. ஆடிச்சுற்று எங்கள் ஊரில் எல்லோரும் சுற்றுவதுதான், தனக்கும் தன் பிள்ளைகளுக்கும். இவர் ஒருத்தர்தான் யாரென்றே தெரியாதவருக்காகச் சுற்றினார். "பேரு தெரியலன்னா என்னலே, அம்மனுக்குத் தெரியும்லா" என்பார்.

பிறகு நான் அதைக் கதையாக எழுதினேன். கிழவியை எடுத்துவிட்டு அந்த இடத்தில் ஓர் இளைஞனை வைத்தேன். அந்த இளைஞன் நான். வாசகர்கள் அழுதுகொண்டே கடிதம் போட்டார்கள். போன ஆனியில் உள்ளூரில் அந்தக் கதை வந்த புத்தகத்துக்குக் கூட்டம் நடந்தது. ஒரு கல்லூரிப் பெண் எழுந்து, "சார், இந்த ரயில் கதை நெசமா நடந்ததா?" என்று கேட்டாள். முன்வரிசையில் அண்ணாச்சி உட்கார்ந்திருக்கிறார். "நடந்ததுதான்மா" என்றேன். கைதட்டினார்கள்.

மறுநாள் காலையில் அண்ணாச்சி வீட்டுக்கு வந்துவிட்டார். என் இரண்டு கையையும் பிடித்துக்கொண்டு தேம்பித் தேம்பி அழுதார்.

"நீதானா மக்கா அது! யாரோன்னு சொல்லி மழுப்புனியே, எனக்கு வெக்கமா இருக்கும்னுதான மறைச்சே? இவ்வளவு காலமா யாருக்கோன்னு சுத்திக்கிட்டுக் கெடந்திருக்கேன் பாரு. இந்த ஆடியிலேருந்து ஒம் பேரச் சொல்லித்தான் சுத்துதேன்" என்றார். பத்திரமாக வைத்திருந்த அந்தத் துண்டையும் என் மடியில் வைத்தார். "இது ஒங்கிட்டதாம்லே இருக்கணும்."

துண்டை வாங்கி வைத்துக்கொண்டேன். காப்பி கொடுத்து அனுப்பினேன்.

இந்த ஆடியில் கொடியேறின மூன்றாம் நாள், சொல்லியே தீருவது என்று கோயிலுக்குப் போனேன். அண்ணாச்சி எழுபதைத் தாண்டிவிட்டார். முழங்காலில் பட்டை கட்டிக்கொண்டு, சுவரைப் பிடித்துப் பிடித்துச் சுற்றிக்கொண்டிருந்தார். கூடவே நடந்தேன்.

"அண்ணாச்சி, அன்னைக்கு ரயில்ல ஒங்களைக் கழுவினது நான் இல்ல..."

அவர் காதில் வாங்கினாரா என்றே தெரியவில்லை. விரலை உயர்த்தி நிறுத்தினார். "பேசாதலே, எண்ணிக்கை விட்டுப்போவும். அறுவத்தி மூணு."

தூண் ஓரம் ஒதுங்கி நின்றேன். அறுபத்து நான்காவது சுற்றில் என்னைக் கடக்கும்போது, கண்ணை மூடிக்கொண்டு என் பெயரை முணுமுணுத்தபடி போனார். நூற்றியொன்று முடியும்வரை நின்றிருந்தால் சொல்லியிருக்கலாம். நான் நிற்கவில்லை. அன்றைக்கு ரயிலில் விலகினேனே, அதே மாதிரி விலகி வந்துவிட்டேன்.

வீட்டுக்கு வந்து பீரோவைத் திறந்து, துண்டை எடுத்து முகத்தில் வைத்துப் பார்த்தேன். என் மனைவி சொன்னது சரிதான், சோப்பு வாசம்தான் அடித்தது. நாற்றம் மட்டும் போகவே இல்லை.