வெடிக்காத முப்பது வாணம்

எங்கள் மாமாவுக்கு ராக்கெட்டுப் பைத்தியம். மாத்தளையில் ஒரு ஹார்ட்வெயார் கடையில் ஆணி நிறுத்துக் கொடுப்பதுதான் உத்தியோகம். பேச்செல்லாம் சந்திரனுக்குக் கீழே இறங்காது. அம்மாவின் ஒரே தம்பி என்பதால் சாப்பாடு உக்குவளையில் எங்கள் வீட்டில்தான். ரஷ்யாக்காரன் ஒரு காலத்தில் அடியில் முப்பது எஞ்சின் வைத்து ராக்கெட்டுக் கட்டினானாம், அது சந்திரனுக்குப் போகாமலே வெடித்துச் சிதறியதாம். "பெரிய எஞ்சின் ஒண்ணு செய்ய முடியலேன்னா சின்னதா முப்பதைச் சேர்த்துக் கட்டிறணும் பாப்பா, அவ்வளவுதான்" என்பார். அந்தத் தீபாவளிக்குத் தானே ஒன்று கட்டப்போவதாக அவர் சொன்னதும் எனக்குத் தலைகால் புரியவில்லை.

வடக்கே சண்டை நடந்த வருஷங்கள் அவை. லொறி கராஜில் வேலை செய்த அப்பாவை விசாரணை என்று பொலிஸ்காரர்கள் கூட்டிக்கொண்டு போய், பல மாதம் வைத்திருந்து, குற்றம் ஒன்றும் இல்லை என்று திருப்பி அனுப்பியிருந்தார்கள். வந்தவர் வாசலைத் தாண்டவில்லை. பேச்சும் இல்லை. சட்டி விழுந்தால்கூடச் சுவரோரம் போய்க் காதைப் பொத்திக்கொண்டு குந்திவிடுவார். என்னிடமோ, அப்பா கொழும்பில் வேலை செய்து காய்ச்சலோடு வந்திருக்கிறார், வீட்டில் வெடி கூடாது என்று சொல்லிவைத்திருந்தார்கள். காய்ச்சல்காரருக்காக நான் ஏன் வெடி கொளுத்தாமல் இருக்க வேண்டும் என்பது என் நியாயம்.

மாமா கட்டுக் கட்டாக வாணம் வாங்கிவந்து கொல்லையில் உட்கார்ந்தார். ஒவ்வொன்றின் தலையையும் பிரித்து, வெடிக்கிற மருந்தைத் தண்ணீர் வாளிக்குள் தட்டிக் கொட்டினார். ஐயோ, நான் ஓடிப்போய் வாளியைப் பிடித்தேன்.

"மாமா, அதைக் கொட்டினா வெடிக்காதே!"

"வெடிக்கக் கூடாது பாப்பா. மேல போனா போதும்."

வெடிக்காத வாணத்தை எவன் பார்ப்பான்? நான் மூஞ்சியைத் தூக்கிவைத்துக்கொண்டேன். அவர் முப்பதையும் ஒரு மூங்கில் கம்பைச் சுற்றிக் கட்டி, திரிகளை ஒன்றாக முறுக்கினார். பிறகு அப்பா படுத்திருந்த அறையின் ஜன்னல் பக்கம் போய், "மச்சான், சத்தமே வராது. நான் பொறுப்பு. கொஞ்சம் வெளிய வந்து பாருங்களேன்" என்று கெஞ்சினார். அம்மா கதவு நிலையைப் பிடித்துக்கொண்டு நின்றாள்.

பொழுது சாயும் நேரம் கொளுத்தினார். ஒரு பக்கம் பற்றிக்கொண்டது, மறுபக்கம் யோசித்தது. ராக்கெட்டு ஒருசாய்வாக எழும்பி, மாமாவைத் துரத்தி, மிளகுக்கொடியை ஒரு சுற்றுச் சுற்றி, கோழிக்கூட்டின் மேல் படுத்துப் புஸ்ஸென்று புகைந்தது. கோழிகள் போட்ட கூச்சலைத் தவிர வேறு சத்தமில்லை. மாமா இடுப்பில் கட்டியிருந்த சாரத்தில் பிடித்த பொறியைத் தட்டிக்கொண்டு குதித்தார்.

"முப்பதும் ஒண்ணா பத்தலேன்னா அது எப்படி மச்சான் நேரா போகும்?"

திரும்பிப் பார்த்தோம். கொல்லையில் அப்பா. வெறுங்காலோடு கோழிக்கூடுவரை நடந்து போய், பழுதான லொறியைப் பார்ப்பதுபோலக் குனிந்து, கருகாத திரிகளை ஒவ்வொன்றாகத் தொட்டுப் பார்த்தார். பிறகு மாமாவின் ஓட்டைச் சாரத்தைப் பார்த்தார். சிரிப்பு வந்துவிட்டது அவருக்கு. மாமாவும் சிரித்தார், இடையிடையே மூக்கை உறிஞ்சிக்கொண்டே.

அம்மா படியில் உட்கார்ந்து, முந்தானையை வாயில் அடைத்துக்கொண்டு அழுதாள். அத்தனை வாணமும் வீணாகிவிட்டதே என்றுதான் அழுகிறாள் என்று நினைத்தேன். பாவமாக இருந்தது. பக்கத்தில் போய் ஒட்டி உட்கார்ந்து சமாதானம் சொன்னேன்:

"அழாதீங்கம்மா. அடுத்த வருஷம் நல்லா வெடிக்கிறதா வாங்கிக்கலாம்."