இடது ஜாய்ஸ்டிக்

பக்கவாதத்தில் வலது கை விழுந்த அப்பா, பொழுது போகவில்லையென்று என் மகனின் கேம் கன்ட்ரோலரைக் கேட்டார். எடுத்துக் கொடுக்கப் போனேன். ஜாய்ஸ்டிக்கின் சொரசொரப்பு கட்டைவிரலில் பட்டதும், சின்ன வயதில் நாங்கள் குடியிருந்த லோத்குண்டா வீடு நினைவுக்கு வந்துவிட்டது.

அப்போது எனக்குப் பத்து வயது, இடதுகைப் பழக்கம். இடது ஜாய்ஸ்டிக்கால் கார் ஓட்டும் அந்த ஆட்டத்தில் மட்டும்தான் அண்ணனை ஜெயிப்பேன். ஒருநாள் ஆபீசிலிருந்து வந்த அப்பா, ஷூவைக்கூடக் கழற்றாமல் கத்தினார்.

"பீச்சாங்கை நக்கோ, வேணாம்! இவளோடத மட்டும் வலது பக்கம் மாத்துடா."

அண்ணன் செட்டிங்கில் மாற்றினான். அதன்பின் என் கார் சுவரில்தான் முட்டியது. முட்டும்போதெல்லாம் அப்பா சிரிப்பார்: "பழகினா கை தானா திருந்தும்."

இப்போது அவர் இடது கையை நீட்டினார். நான் செட்டிங்கைத் திறந்து, எல்லாவற்றையும் வலது ஜாய்ஸ்டிக்குக்கு மாற்றிக் கொடுத்தேன்.

"பழகுங்கப்பா," என்றேன். "கை தானா திருந்தும்."