பாம்பனுக்குக் கூப்பிட்டவனிடம் நான் சொன்னது

காலையில் திண்டிவனம் பஸ்ஸில் பிரகாஷைப் பார்த்தேன். பாலிடெக்னிக்கில் என்னோடு சிவில் படித்தவன். சர்வே பரீட்சையில் என்னைப் பார்த்து எழுதிப் பாஸானவன். மாமா கான்ட்ராக்டர் என்பதால் இப்போது பாம்பனில் சூப்பர்வைசர். நான் டைல்ஸ் கடையில் பில் போடுகிறேன்.

போனில் ஒரு வீடியோவைப் போட்டு நீட்டினான். "மச்சான், பழைய ரயில் தூக்குப்பாலம்டா. கப்பல் வந்தா ஆளுங்க நின்னுக்கினு கையால சுத்தித் தொறப்பாங்க. புதுசுல பட்டன் அமுக்கினா நடுப்பாலம் அப்படியே மேல போவுது. இப்ப பழசப் பிரிச்சிக்கினு இருக்கோம்."

"எங்க ஊரு தரைப்பாலம் வெள்ளத்துல போனது அப்படியே கெடக்குது. இன்னிக்கும் ஆத்துல எறங்கித்தான் வர்றேன். அதுக்கு எந்தப் பட்டன அமுக்கணும்?"

பக்கத்து சீட்டு அக்கா சிரித்தார். அவன் சிரிக்கவில்லை.

"ஆளு எடுக்கறாங்கடா. வர்றியா? நான் சொல்றேன்."

வயிறு எரிந்தது. "உன் கீழயா? எனக்கு இங்கியே நல்லாத்தான் போவுது" என்று சொல்லிவிட்டேன்.

"சரி, உன் இஷ்டம்" என்று கூட்டேரிப்பட்டில் இறங்கிவிட்டான்.

மதியம் வரை ஒரு பில்லும் உருப்படியாகப் போடவில்லை. நான் படித்தது பாலம் கட்டுவதற்கு.

நம் பேட்ச்சில் யாரிடமாவது அவன் நம்பர் இருந்தால் அனுப்புங்கள். அவன் ஃபேஸ்புக்கில் இல்லை என்ற தைரியத்தில்தான் கேட்கிறேன்.