பெயர் சொல்லிக் கூப்பிடாத ஆறு

போன கிழமை மகளின் மகன் பூவரசங்குளத்திலிருந்து வந்தான். வந்தவன் பையிலிருந்து ஒரு சிவப்பு ஹெல்மெட்டை எடுத்துக் கதிரையில் வைத்தான். கிதுல்கலப் பக்கம், மலையிலிருந்து நுரைத்து இறங்கும் ஆற்றில் வெள்ளைக்காரரை ரப்பர் படகில் ஏற்றிக் கொண்டுபோகிற வேலைக்குப் பழகுகிறானாம். போனிலே படமும் காட்டினான். ஆளாளுக்குக் காற்றடித்த சட்டை, கழுத்தில் விசில்.

"என்னடா பழக்கினவங்கள்?" என்று கேட்டேன்.

"ஆராவது தண்ணிக்கை விழுந்தா உடன அவற்ற பேரைச் சொல்லிக் கத்த வேணும் அம்மப்பா. அவர் கையைத் தூக்கிக் காட்ட வேணும். அதுதான் முதல் பாடம்."

நான் எழும்பிக் குசினிக்குப் போய்த் தண்ணீர் குடித்தேன். திரும்பி வந்து அதே கேள்வியை இன்னொருக்கால் கேட்டேன். கிழவனுக்கு வயசு போய்விட்டது என்று அவன் நினைத்திருப்பான்.

அந்த வேலையை நானும் பழகியவன்தான். சொன்னால் சிரிப்பான் என்று சொல்லவில்லை. எங்களுக்கு ரப்பர் படகு இல்லை. றோட்டுப் போட்டு முடிந்த வெறும் தார்ப் பீப்பாக்களைச் சேர்த்துக் கட்டி, மேலே பலகை அடித்த தெப்பம். மழை விட்டு வெயில் எறித்தால் மிச்சத் தார் இளகும். முதல் நாள் நான் அதில் குந்தியிருந்துவிட்டு எழும்ப, காற்சட்டையின் பின்பக்கம் பலகையோடு நின்றுவிட்டது. கரையில் பஸ்ஸுக்கு நின்ற பெண்பிள்ளைகள் எல்லாம் பார்த்தார்கள். அதை விடுங்கள். இன்றைக்கும் எங்காவது தார் காய்ச்சினால் நான் சுற்றுப்பாதையால்தான் போவேன். காற்சட்டைக்காக அல்ல.

ஐம்பதுகளின் கடைசி அது. தண்ணீரூற்று என்ற ஊருக்கு இங்கால் எங்கள் குடியேற்றத் திட்டம். இடையில் ஆறு. கோடையில் அது வெறும் மணல், மாடுகள் படுத்துக் கிடக்கும். மாரியில் காட்டுத் தண்ணீர் முழுக்க அதில் இறங்கித் தாம்போதியை மூடிவிடும். தாம்போதி என்பது பாலமில்லை. ஆற்றுக்குக் குறுக்கே போட்ட கல்றோட்டு, வெள்ளம் அதற்கு மேலால் போகும். பாலம் கட்டித் தாருங்கள் என்று சனம் வாய் நோகக் கேட்டது. அரசாங்கக் கந்தோர்காரர் தெப்பம் தந்தார்கள். அவர்கள் ஒருவரும் அதில் ஏறி நான் காணவில்லை.

தாம்போதிக்குக் கீழே பாறைகள். தண்ணீர் அவற்றில் மோதி வெள்ளையாகப் பிளந்து குதிக்கும். ஊரில் அந்த இடத்துக்கு வெள்ளைவாய் என்று பெயர். குறுக்கே கயிறு கட்டினால் வெள்ளத்தில் வருகிற மரங்கள் அறுத்துவிடும். ஆகவே மேலே போய் ஏறி, தெப்பத்தை வெள்ளத்தோடு விட்டு, வெள்ளைவாய்க்குள்ளால் இறக்கி, அக்கரை மருதமரத்தடியில் ஒதுக்க வேண்டும். முன்னுக்கு ஒருவன் கோலோடு நின்று வருகிற மரத்தைத் தள்ளுவான். பின்னுக்கு ஒருவன் திருப்புவான்.

வெள்ளம் எங்கள் வயலை அழித்த வருடம் அண்ணனும் நானும் அந்த வேலைக்குப் போனோம். பழக்கினவன் மீரான். தண்ணீரூற்று ஆள், எங்கள் வயசுதான், வாய் மட்டும் எங்களைவிட நாலு மடங்கு.

"நீங்கள் கிணத்துச் சனம்" என்பான். "வாளியில அள்ளிக் குளிச்ச ஆக்களுக்கு ஆறு என்ன தெரியும்?"

உண்மைதான். நாங்கள் விட்டுவந்த யாழ்ப்பாணத்தில் ஏது ஆறு? எங்களைக் கரையில் இருத்தித் தண்ணீரைப் பார் என்பான். எங்கே வழுவழுப்பாக முதுகு காட்டுகிறதோ அங்கே அடியில் பாறை. பிறகு பின்னால் வந்து உதைத்துத் தள்ளிவிடுவான். "மல்லாந்து போ! காலை முன்னுக்கு விடு! எழும்பி நிக்கப் பாக்காதை, கால் கல்லுக்கை மாட்டும்!" நான் குடித்த ஆற்றுத் தண்ணீரில் ஒரு வயல் விளைந்திருக்கும்.

இவ்வளவும் பேரனின் போனிலும் இருந்தது. இல்லாதது ஒன்றுதான். தெப்பம் ஆற்றில் நிற்கும்போது ஒருவரும் ஒருவரையும் பெயர் சொல்லிக் கூப்பிடக் கூடாது. பீப்பாவில் கோலால் ஒரு தட்டு என்றால் இடம், இரண்டு தட்டு என்றால் வலம். கரையில் நிற்கிறவர்களுக்கும் அதே சட்டம். அந்தப் பக்கத்துப் பழஞ்சனம் தெப்பத்தைக் கண்டால் பிள்ளைகளின் வாயைப் பொத்திவிடுவார்கள்.

"பேர் சொன்னா என்ன நடக்கும்?" என்று அண்ணன் கேட்டார்.

"ஆறு கேட்டுக்கொண்டு கிடக்கும். கேட்டா வச்சிருக்கும்."

"இவற்ற பேர் தில்லையம்பலம்" என்றேன் நான். "ஆறு அதைப் பாடமாக்கிறதுக்கிடையில மாரி முடிஞ்சிடும்."

அண்ணன் சிரித்தார். எதற்கும் பல்லைக் காட்டுகிற மீரான் சிரிக்கவில்லை.

இங்கே எங்கள் ஐயாவைச் சொல்ல வேண்டும். குடியேற வருமுன் ஐயாவின் தொழில் கிணறு தூர்வாருவது. அண்ணன் மெலிந்த ஆள், அவரைத்தான் கயிற்றில் இறக்குவார். கிணற்றுக்குள் நச்சுக் காற்று இருக்கும். ஆள் மயங்கினால் மேலே தெரியாது. அதனால் ஐயா வாயில் கை குவித்து "தில்லை!" என்று கூப்பிட்டபடி இருப்பார். கீழேயிருந்து "ஓம் ஐயா!" என்று வர வேண்டும். வராவிட்டால் கயிற்றை இழு. சேற்று மணமும் அந்தக் கூப்பாடும்தான் என் சின்ன வயசு. பழகிப் பழகி, நித்திரையில் ஐயா இருமினாலும் அண்ணன் "ஓம் ஐயா" என்பார். நாங்கள் பகிடி பண்ணுவோம்.

அன்று அண்ணன் முதல் முறையாக முன்கோல் பிடித்தார். சரியாக இறக்கினால் வேலை அவருக்கு நிரந்தரம். மீரான் நடுவில், நான் பின்னுக்கு. ஆட்கள் ஏற்றவில்லை. மத்தியானம்தான், ஆனால் மூடிக்கட்டிய வானம். ஐயா எங்களுக்குப் புட்டுப் பொட்டலம் கொண்டுவந்து கரையில் நின்றார். நான் கண்டேன்.

தெப்பம் வெள்ளைவாய்க்குள் முன்பக்கம் குத்தி இறங்கியது. இரண்டு பக்கமும் பாறை, மேலே நுரை. கரையிலிருந்து பார்த்தால் நாங்கள் மறைந்துபோயிருப்போம். கிணற்றுக்குள் இறங்கின மாதிரி.

"தில்லை!"

அந்த இரைச்சலுக்குள்ளும் அது தெளிவாகக் கேட்டது. மீரான் பீப்பாவில் அடி அடியென்று அடித்தான். அண்ணன் தலையைத் திருப்பினார். முகத்தில் எந்தப் பயமும் இல்லை. "ஓம் ஐயா!" என்றார். ஒரு பாலைமரம் வேரோடு வந்தது. முன்னுக்கு இருந்த இடம் வெறுமையாகக் கிடந்தது. அவ்வளவுதான். இதற்கு மேல் அலங்காரமாகச் சொல்ல எனக்குத் தெரியாது.

மருதமரத்தடியில் நாங்கள் இரண்டு பேர் ஒதுங்கினோம். நாங்கள் ஏறிய கரையில் ஐயா விடாமல் கூப்பிட்டுக்கொண்டிருந்தார். அப்போது கீழேயிருந்து, வளைவுக்கு அந்தப் பக்கத்தால், பதில் வந்தது.

"ஓம் ஐயா!"

நான் சந்தோசத்தில் அழுதுகொண்டு ஓடினேன். வளைவில் ஒருவரும் இல்லை. ஐயா திரும்பக் கூப்பிட, இன்னும் கீழே இருந்து வந்தது. பொழுதுபடும்வரை அவர் அந்தக் கரையால், நான் இந்தக் கரையால் ஓடினோம். குரல் எப்போதும் எங்களுக்கு ஒரு வளைவு முன்னால். களைப்பில்லை, கூச்சலில்லை, கிணற்றடியிலிருந்து சொல்லுகிற அதே சாதாரணக் குரல். உடல் கிடைக்கவில்லை.

நான் வேலையை விடவில்லை. வயிறு இருக்கிறதே. ஒவ்வொரு மாரியும் ஐயா கரைக்கு வந்து கூப்பிடுவார். "வாயை மூடுங்கோ ஐயா!" என்று பேயன் மாதிரிக் கத்தியிருக்கிறேன். ஒருநாள் தெப்பத்தில் வந்த மனிசி ஒருத்தி, கோழிக்கூட்டை மடியில் இறுக்கிக்கொண்டு என் காதுக்குள் கேட்டா: "தம்பி, ஆரது பீப்பாவுக்குக் கீழையிருந்து ஓம் எண்டது?" நான் இரண்டு தட்டுத் தட்டி வலப்பக்கம் திருப்பினேன். ஐயாவுக்குக் கோபம் காட்டினேனே தவிர, அவர் கூப்பிடாத நாளில் எனக்கும் கோல் ஓடாது. அதை அவருக்கு நான் சொல்லவேயில்லை. அறுபதுகளில் ஐயா போய்ச் சேர்ந்தார். பிறகு கூப்பிட ஆளில்லை. தம்பிக்காரன் அண்ணனைப் பெயர் சொல்லியா கூப்பிடுவான்?

இப்போது அங்கே பாலம். மேலே அணை கட்டித் தண்ணீரை மறித்துவிட்டார்கள், மணலை ட்ரக்டரில் அள்ளிவிட்டார்கள். மருதமரம் இல்லை. வெள்ளைவாய்ப் பாறையை உடைத்து அதே பாலத்துக்குக் கல்லாகப் போட்டார்களாம். மீரானின் ஆட்களும் சண்டைக் காலத்தில் ஊரைவிட்டுப் போனவர்கள், திரும்பி வந்தவர்களில் அவன் இல்லை.

பேரன் போன பிறகு, பின்னேரம் பஸ் பிடித்துப் போய்ப் பாலத்தில் நின்றேன். மாரிதான், ஆனாலும் முழங்கால் தண்ணீர். வாயில் கை குவித்தேன். வாழ்க்கையில் முதல் முறையாக அந்தப் பெயரைச் சொல்லிக் கூப்பிட்டேன்.

சைக்கிளில் போன பெடியன் ஒருவன் காலை ஊன்றி நின்றான். "ஆரைத் தேடுறியள் அப்பு?"

"பொறு, கத்தாதை" என்றேன். அவனும் என்னோடு நின்று ஆற்றுப் பக்கம் காது கொடுத்தான். பிறகு போய்விட்டான்.

இருட்டும்வரை நின்றேன். பதில் வரவில்லை. அதற்குப் பிறகு கயிற்றை இழுக்க வேண்டும். கயிறு எங்கே இருக்கிறது?