சலவைத் தண்ணீரில் குளித்த வண்டி

எங்கள் மட்டாஞ்சேரிச் சந்தில் மிகச் சுத்தமான பொருள் எது என்று கேட்டால், அத்தானின் மோட்டார் சைக்கிள் என்றுதான் எல்லாரும் சொல்லியிருப்பார்கள். கறுப்பு வண்டி. பெட்ரோல் டேங்கில் முகம் பார்த்துத் தலை வாரலாம். அத்தான், அதாவது என் அக்காவின் கணவர், சலவைத் தொழில் செய்தார். திருநெல்வேலிப் பக்கமிருந்து இரண்டு தலைமுறைக்கு முன் வந்த குடும்பம். எண்பதுகளின் தொடக்கத்தில் எர்ணாகுளத்தில் ஒரு பத்திரிகை அலுவலகத்தில் வேலைக்குச் சேர்ந்த நான் அவர்கள் வீட்டில்தான் தங்கியிருந்தேன். தினமும் மாலையில், துணி வெளுத்து மீந்த பிளீச்சிங் பவுடர் தண்ணீரை வாளியில் கொண்டுவந்து அவர் வண்டியைக் குளிப்பாட்டுவார். வேட்டிக்கு வெண்மை தரும் தண்ணீர் வண்டிக்கும் நல்லதுதான் செய்யும் என்பது அவர் கட்சி. கடல்காற்றோடு சேர்ந்து அந்தத் தண்ணீர் நட்டுகளுக்கு என்ன செய்தது என்பது ஒரு சனிக்கிழமை காலையில் தெரிந்தது.

அன்று பஸ், டாக்சி, ஆட்டோ எதுவும் ஓடாத வேலைநிறுத்தம். மாலை மூன்று மணிக்குக் கலூரில் ஒரு தேவாலயத்தில் கல்யாணம். மணப்பெண் உடுத்த வேண்டிய வெள்ளைக் கவுன் எங்கள் வீட்டில் இருந்தது. அவளுடைய அம்மா தன் கல்யாணத்தில் உடுத்தியது அது. பழுப்பேறிப் போயிருந்ததை அக்கா பத்து நாள் பாடுபட்டு வெளுத்திருந்தாள். விடாத மழையில் அன்று காலைதான் உலர்ந்தது. சைக்கிளில் கொடுத்தனுப்ப அவள் சம்மதிக்கவில்லை. கவுனின் பின்தொங்கல் ஆளுயரம். ஒருவர் ஓட்ட, இன்னொருவர் இரண்டு கைகளிலும் ஏந்திக்கொண்டு உட்கார வேண்டும். அத்தான் வண்டியை எடுக்கப் போனார். பின்சக்கரம் காற்றிறங்கித் தரையோடு படிந்திருந்தது.

பஞ்சர் ஒட்டுவது அவருக்குப் பெரிய வேலையில்லை. ஆனால் சக்கரத்தைக் கழற்ற அச்சின் நட்டு அசைய வேண்டும். அது அச்சோடு ஒன்றாய் வார்த்ததுபோல் இருந்தது. “இதெல்லாம் ஒரு நட்டாடே? மண்ணெண்ணெய் குடிச்சா தானா வரும்” என்றார். கம்பித் தூரிகையால் துருவைத் தேய்த்தோம், மண்ணெண்ணெய் விட்டோம், அரை மணி காத்திருந்தோம், சுத்தியலால் பக்கங்களில் தட்டினோம். பிறகு ஸ்பேனரின் வாலில் ஒரு தண்ணீர்க் குழாயைச் செருகி நான் என் முழு எடையையும் போட்டுத் தொங்கினேன். ஸ்பேனர் வழுக்கி, நட்டின் ஒரு முனை மழுங்கியது. இன்னும் ஒரு முனை போனால் பிடிக்க எதுவும் இருக்காது. மணி பதினொன்று. எதிர்ச் சாயாக் கடைச் சேட்டன் கிளாசைக் கழுவியபடி, “தெனம் குளிப்பாட்டினீங்கல்லோ அண்ணாச்சி, வண்டிக்குச் சளி பிடிச்சிருக்கும்” என்றார். அத்தான் மழுங்கிய முனையை விரலால் தடவிப் பார்த்தார். கவுன் கொடியில் தொங்கிக்கொண்டிருந்தது.

அக்கா இஸ்திரி மேசையை விட்டு வந்து மழுங்கிய முனையைப் பார்த்தாள். “முக்கினது போதும். தள்ளுங்க. இஸ்திரிப் பெட்டி மூடியோட ஆணி மாசாமாசம் இப்படித்தான் பிடிச்சுக்குது. யாராவது தொங்குறோமா?”

மண்ணெண்ணெயைச் சொட்டில்லாமல் துடைக்கச் சொன்னாள். பெட்ரோல் டேங்கைக் கழற்றி வீட்டுக்குப் பின்னால் வைக்கச் சொன்னாள். டயர்மேல் ஈரச் சாக்கைச் சுற்றினாள். இஸ்திரிப் பெட்டியிலிருந்து கனன்ற தேங்காய்ச் சிரட்டைக் கரியை இடுக்கியால் ஓர் இரும்புக் கரண்டியில் எடுத்து நட்டின் அடியில் பிடித்துக்கொண்டு, ஊதுகுழலால் நிதானமாக ஊதினாள். அவசரமே இல்லை. நட்டின்மேல் ஒரு சொட்டுத் தண்ணீர் விட்டாள்; அது உருண்டு துள்ளி மறைந்தது. “இப்ப கழட்டாதீங்க. முறுக்குற பக்கமே கொஞ்சூண்டு தள்ளுங்க.” அத்தான் தள்ளினார். கதவுக் கீல்போல ஒரு சத்தம். பிறகு எதிர்ப்பக்கம் திருப்பினார். நட்டு சுற்றி வந்தது. சேட்டன் எங்களுக்கு மூன்று சாயா கொண்டுவந்து வைத்துவிட்டுப் போனார்.

பஞ்சர் ஒட்டி, ஒரு மணிக்குச் சக்கரமும் டேங்கும் ஏறிவிட்டன. கவுனை எடுக்க நான் எழுந்தேன். “ரெண்டு பேரும் கையைப் பாருங்க” என்றாள் அக்கா. நகக்கண் வரை கிரீஸும் துருவும். சோப்புப் போட்டும் போகவில்லை. ஊரார் அழுக்கை எடுக்கும் வீட்டில் எங்கள் கை அழுக்கு போகவில்லை. அரை நாள் கரியோடு இருந்த அவள் விரல்களில் ஒரு புள்ளி இல்லை. அத்தான் அந்தப் பின்னிருக்கையில் வெளுத்த மூட்டைகளைத் தவிர யாரையும் ஏற்றியதில்லை, அக்காவைக்கூட. இப்போது அவள் கவுனை மடியில் ஏந்தி, கேட்காமலேயே ஏறி உட்கார்ந்தாள். அவர் கைகள் மட்டும் கைப்பிடியில் கறுப்பாகத் தெரிய, இருவரும் சந்தைத் தாண்டிப் போனார்கள்.

மாலை ஆறு மணிக்குத் திரும்பினார்கள். கவுன் இரண்டேகாலுக்கே போய்ச் சேர்ந்துவிட்டதாம். மணப்பெண்ணின் அம்மா அத்தானின் கறுத்த கைகளைப் பார்த்துவிட்டு, அதைத் தொடும் முன் எண்ணெய் வாடை அடிக்கிறதா என்று முகர்ந்து பார்த்தாராம்.

இன்று துருவை இளக்கும் திரவம் டப்பாவில் கிடைக்கிறது. என் ஸ்கூட்டருக்கு நானும் வாங்கி வைத்திருக்கிறேன். ஒரு பீச்சு பீச்சினால் போதும். அத்தான் அந்தக் கல்யாணத்துக்கு மறுநாளிலிருந்து வாளித் தண்ணீரைச் சாக்கடையில் கொட்டி, வண்டியைக் காய்ந்த துணியால் துடைக்கலானார். ஆறே மாதத்தில் அது ஊர் வண்டிகளைப்போல் மங்கிவிட்டது. அதில் அவருக்கு வருத்தமில்லை. வருத்தம் மூட்டைகளைப் பற்றியதுதான். பின்னிருக்கை இனி தனக்குத்தான், மூட்டைக்குக் கிடையாது என்று அக்கா சொல்லிவிட்டாள். கடைசிவரை அவர் துணிகளைச் சைக்கிளில்தான் கொண்டுபோய்க் கொடுத்தார்.