நாலு புளி விழுந்த மீனாணம்

எங்கள் பக்கத்தில் பெண்கள் கூடினால் முதற்கேள்வி, "இண்டைக்கு என்ன ஆணம்?" என்பதுதான். ஆணம் என்றால் குழம்பு. மற்ற ஊர்க்காரர் சுகம் விசாரிப்பார்கள், நாங்கள் ஆணம் விசாரிப்போம். ஒருத்தி தன் வீட்டுக் கூனி இறால் சுண்டலைப் பற்றிச் சொல்வாள். இன்னொருத்தி பலாக்கொட்டையோடு கருவாடு சேர்த்த கதையை எடுப்பாள். கையும் கண்ணும் சேர்ந்து பேசும். கேட்கிறவர்களுக்குப் பசி வந்துவிடும்.

நான் அந்த இடத்தில் தலையாட்டுகிற வேலையை மட்டும் பார்ப்பேன். இந்த வயதிலும் என் முறை வரும்போது நாக்கு மேலண்ணத்தில் ஒட்டிக்கொள்ளும். ஐந்தாம் வகுப்போடு நின்றவள் நான். அங்கேயும் விடை தெரிந்தாலும் எழும்பிச் சொல்ல மாட்டேன். வாத்தியார் சிலேற்றில் எழுதச் சொன்னால் மட்டும் எழுதிவிடுவேன். ஆகையால் என் பங்குச் சமையலையும் எழுதியே சொல்கிறேன். இதைப் படித்துவிட்டு யாரும் அப்படியே ஆக்கிப் பார்க்க வேண்டாம்.

எனக்குக் கல்யாணமானது நாட்டில் பெரிய சண்டை தொடங்குவதற்கு முன்பு. எங்களுக்கு ஊர் ஆரையம்பதி. அவர் வாவிக்கு அக்கரையில், படுவான்கரைப் பழுகாமத்தார். எங்கள் வழக்கப்படி பெண் புகுந்த வீட்டுக்குப் போவதில்லை, மாப்பிள்ளைதான் பெண் வீட்டுக்கு வருவார். வந்தவருக்குக் கொஞ்சக் காலம் மாமியார் கைச் சோறு. பிறகு ஒரு நல்ல நாள் பார்த்து மகளுக்கு வேறு அடுப்பு வைத்துக் கொடுப்பார்கள்.

என் அம்மா நன்றாக ஆக்குவார். ஆனால் மாமியார் மருமகன் முன்னால் வரக்கூடாது. அம்மா குசினியை மறைத்த ஓலைத் தட்டிக்குப் பின்னால் நிற்பார், நான் கொண்டுபோய்ப் பரிமாறுவேன். ஒரு தரம் போட்ட சோற்றை அவர் சாப்பிட்டு முடிப்பார். நான் அகப்பையைத் தூக்குவேன். அவர் பீங்கான் தட்டுக்கு மேலே கையை விரித்து, "காணும்" என்பார். போதுமாம்.

வயல் வேலை செய்து வளர்ந்த உடம்பு அது. ஒரு தரச் சோறு அதற்கு எந்த மூலைக்கு? பெண் வீட்டில் கேட்டு வாங்கிச் சாப்பிட அவருக்கு வெட்கம். வேறொரு பெண் என்றால், "இன்னும் கொஞ்சம் போடட்டா" என்று ஒரு வார்த்தை கேட்டிருப்பாள். எனக்கு அந்த ஒரு வார்த்தை வரவில்லை. காணும் என்று சொன்னவரை மறுத்துப் பேசுவது எப்படி என்று நினைத்துக்கொண்டு பானையைத் திருப்பிக் கொண்டுபோய் வைப்பேன். தட்டிக்குப் பின்னால் அம்மா என் கையில் கிள்ளுவார்.

"இன்னொருக்காக் கேளன் புள்ள. வாயில என்ன கொழுக்கட்டையா?"

மனுசன் பசி பொறுக்க முடியாமல், "வட்டையப் பாத்துட்டு வாறன்" என்று தோணியேறித் தாய் வீட்டுக்குப் போகத் தொடங்கினார். வட்டை என்பது நெல்வயல் வெளி. அப்போது அறுவடை முடிந்து அங்கே அடிக்கட்டைதான் நின்றது. அடுத்த வளவில் இருந்த என் பெரியம்மாவின் மகள், நான் அக்கா என்று கூப்பிடுகிறவள், வேலிக்கு மேலால் எட்டிப் பார்த்துக் கேட்டாள்.

"என்னகா, உன்ட மாப்பிள்ள அறுத்த வயலுக்கா காவல் போறார்? அடிக்கட்டைய ஆரும் களவெடுக்கப் போறாங்களா?"

நான் வழக்கம்போல் தலையாட்டினேன்.

ஒருநாள் அவருடைய தாய் அக்கரையிலிருந்து வந்து இறங்கினார். மகனை மேலும் கீழும் பார்த்துவிட்டு, தட்டிக்குப் பின்னால் நின்ற என் அம்மாவிடம் பேசினார்.

"இஞ்ச வரக்குள்ள இவன் எப்பிடி வந்தவன். இப்ப இடுப்புல வேட்டி நிக்கிதில்ல. என்னத்தத்தான் குடுக்கிறீங்க?"

"சோறு கிடக்கு மச்சாள். அவர்தான் காணும் காணும் எண்டுறார்."

"அப்ப வேற அடுப்ப வைங்க. புள்ள தன்ட கையால ஆக்கட்டும், அவன் கேட்டுத் தின்னட்டும். அடுப்பு வைக்கிற அண்டைக்கு நானும் வாறன். அண்டைக்கும் ஒரு தரத்தோட எழும்பினான் எண்டா என்னோட கூட்டிக்கொண்டு போறன். விதைப்புக்கு ஆள் காணாது."

விதைப்பு ஒரு சாட்டு என்று எல்லோருக்கும் விளங்கியது. விதைப்புக்குப் போனவர் காவலுக்கு நிற்பார், காவலுக்கு நின்றவர் அறுவடைக்கு நிற்பார், அப்படியே நின்றுவிடுவார். அவரோடு நான் பத்து வார்த்தைகூட ஒழுங்காகப் பேசியிருக்க மாட்டேன். ஆனால் அவர் அக்கரைக்குப் போன நாட்களில் வாவிக்கரையில் கழுவிய சட்டியையே திரும்பத் திரும்பக் கழுவிக்கொண்டு தோணி வருகிறதா என்று பார்ப்பேன். அவர் போய்விடக்கூடாது. அது மட்டும் எனக்குத் தெரியும்.

தெரியாதது சமையல். அம்மா என்னிடம் விட்டதெல்லாம் தேங்காய் திருவுவதும் மீன் வெட்டுவதும்தான். சட்டிக்குள் என்ன நடக்கிறது என்பது அம்மாவின் காரியம். இப்போது அம்மாவும் கையை விரித்துவிட்டார். "அந்த அடுப்புக்குப் பக்கத்துல நான் வர மாட்டன். என்ட கை பட்டா, அதுவும் தாய் ஆக்கின சோறுதான் எண்டு சொல்லுவாங்க."

கிணற்றடியில் பெரியம்மா என் முகத்தைப் பார்த்தே சங்கதியைப் பிடித்துக்கொண்டார். பக்கத்தில் அக்கா இருந்தாள். காத்தான்குடியிலிருந்து பன்பாய் விற்க வரும் உம்மாவும் தண்ணீர் குடிக்க வந்து, பாய்க்கட்டை இறக்கி வைத்திருந்தார். என்ன ஆக்கப் போகிறாய் என்று மூன்று பேரும் கேட்டார்கள். மணலை மீன் ஆணம் என்று சொன்னேன். அதைச் சொன்னதுதான் பிழை.

"மணலை கொழுப்பு மீன். கொறுக்காய் போடோணும். மீன் உடையாது" என்றார் பெரியம்மா. கொறுக்காய் என்றால் உலர்த்திய குடம்புளி.

"கொறுக்காய் போட்டாக் கறுத்துப் போகும். மாங்காயக் கீறிப் போடு. என்ட மனிசன் சட்டிய வழிச்சுத் திண்டவர்" என்றாள் அக்கா.

"உன்ட மனிசன் சட்டியையே தின்னுவான். அத விடு."

உம்மா இரண்டு பேருக்கும் நடுவில் கையை நீட்டினார். "நீங்க ரெண்டு பேரும் மீனக் கொல்லுறீங்க. மகள், நான் சொல்லுறதக் கேளு. இறக்கி வச்சதுக்குப் பொறகு தேசிக்காயப் பிழி. வேற ஒண்டும் வேணா." தேசிக்காய் என்றால் எலுமிச்சை.

மூன்று பேருக்கும் தனித்தனியாக, "ஓம்" என்றேன்.

அந்த நாள் வந்தது. மாமியார் புது அரிசியும் ஒரு முட்டி எருமைத் தயிரும் கொண்டு தோணியில் வந்து இறங்கினார். முற்றத்து மாமர நிழலில், என் புது அடுப்பு நேராகத் தெரிகிற இடத்தில், பாயைப் போட்டு உட்கார்ந்தார். மகனும் பக்கத்தில் உட்கார்ந்தார்.

நான் மணலையை வெட்டிக் கழுவி, மசாலைக் கூட்டை அம்மியில் அரைத்து, சட்டியை அடுப்பில் வைத்தேன். அம்மா பழப்புளி கரைப்பதைக் கண்டிருக்கிறேன் அல்லவா, அந்த நினைவில் பழப்புளியைக் கரைத்து விட்டேன். உப்பும் போட்டேன். அதோடு விட்டிருந்தால் அது ஒரு ஆணம்.

பெரியம்மா வேலிப் பொட்டுக்குள்ளால் வந்தார். சட்டியை எட்டிப் பார்த்தார். "கொறுக்காய் போட்டியா?"

போடவில்லை என்று சொன்னால் அவர் மனம் நோகும். பழப்புளி போட்டாயிற்று என்று சொல்ல வாய் வரவில்லை. அவர் மடியிலிருந்து எடுத்துத் தந்த கொறுக்காயைப் போட்டேன். "புளி போட்டா உப்பும் கொஞ்சம் போடோணும்" என்றார். போட்டேன்.

அவர் தலை மறைந்ததும் அக்கா மாங்காயோடு வந்தாள். "உனக்காக மரத்துல ஏறினவர் என்ட மனிசன். போடாட்டிக் கோவிப்பார்." கீறிப் போட்டேன். அவளும் உப்பைக் கைகாட்டினாள்.

சட்டியை இறக்கி வைக்கவும் உம்மா படலையைத் திறக்கவும் சரியாக இருந்தது. அந்த வெயிலில், பாய்க்கட்டும் தலையுமாக, எனக்காகவே நடந்து வந்திருக்கிறார். கையில் தேசிக்காய். என்னைக் கேட்காமலே பிழிந்துவிட்டு, "உப்பு பாத்தியா மகள்?" என்றார்.

பார்க்கவில்லை. மாமியார் என்னையே பார்த்துக்கொண்டிருக்கிறார், உள்ளங்கையில் விட்டு நக்கிப் பார்க்க எனக்கு வெட்கம். தீனிக்காரி என்று நினைத்துவிட்டால்? பார்க்காமலே இன்னும் ஒரு சிட்டிகை போட்டுவிட்டு, பார்த்ததாகத் தலையாட்டினேன். ஆணம் மாரிகாலத்து வாவித் தண்ணீர் நிறத்தில் இருந்தது.

என் மனுசனுக்குப் பரிமாறிவிட்டுக் கூரையைத் தாங்கும் கப்புக்குப் பின்னால் போய் நின்றேன். கப்பு ஒரு சாண் அகலம், நான் அதைவிட அகலம். ஆனாலும் மறைந்ததாகவே நினைப்பு.

முதற்கவளம் வாய்க்குள் போனது. அவருடைய முகம் ஒரு பக்கமாக இழுபட்டுப் போய், கொஞ்ச நேரம் அங்கேயே நின்று, மெல்லத் திரும்பி வந்தது. ஒரு கண் மூடிக்கொண்டது. எழும்பப் போகிறார் என்று நினைத்தேன். தோணியில் அவர் முதுகு போவதுகூட எனக்குத் தெரிந்துவிட்டது. அவரோ குழம்பு படாத வெறுஞ்சோற்றை அள்ளி இரண்டு வாய் விழுங்கினார்.

"சோறு" என்றார்.

மாமியார் நிமிர்ந்தார். "என்ன மனே?"

"சோறு கொண்டரச் சொல்லுங்க. இந்த ஆணத்துக்கு இந்தச் சோறு காணாது."

பானையைத் தூக்கிக்கொண்டு ஓடினேன். போட்டேன். அதையும் முடித்தார். மறுபடியும் கை நீட்டினார். தயிரையும் இழுத்து ஊற்றிக்கொண்டார். பிறகு, கல்யாணமான நாளிலிருந்து முதன்முதலாக, என் முகத்தைப் பார்த்து ஒரு கேள்வி கேட்டார்.

"இதென்ன, உப்பளத்துக்குள்ள புடிச்ச மீனா?"

எனக்கு எங்கிருந்தோ வாய் வந்துவிட்டது. "கொறுக்காய் பெரியம்மா தந்தா. மாங்காய் அக்கா."

"தேசிக்காயும் மணக்குதே?"

"அது உம்மா."

"அப்ப உனக்கு ஒண்டும் தோணல்லயா?"

"பழப்புளி நான்தான்."

அவர் என்னையே பார்த்தார். "ஒருத்தரும் 'போடாத' எண்டு சொல்லல்லயா?"

"அதச் சொல்லத்தான் ஒருத்தரும் வரல்ல."

மாமியார் வாயில் சீலைத் தலைப்பை வைத்துக்கொண்டு குலுங்கினார். வேலிக்கு அந்தப் பக்கத்தில் இருந்து பெரியம்மாவின் குரல் கேட்டது. "கொறுக்காய் சரியாத்தான் இருக்கும். தேசிக்காதான் கெடுத்திரிக்கும்." இவ்வளவு நேரமும் எல்லோரும் அங்கேதான் நின்றிருக்கிறார்கள்.

"உப்பு ஆரு போட்டது?" என்று அவர் வேலியைப் பார்த்துக் கேட்டார். வேலிக்கு அப்பால் காலடிகள் அவசரமாக விலகின.

பானையில் அகப்பை அடி தட்டியது. அவர் கை கழுவிக்கொண்டு, ஒரு செம்புத் தண்ணீரை நிறுத்தாமல் குடித்தார். இன்னொரு செம்பு கேட்டார். மாமியார் வெறும் பானைக்குள் எட்டிப் பார்த்துவிட்டு என்னிடம் சொன்னார்.

"உன்ட தாய் நல்லா ஆக்கிப் போட்டதுக்கு வாய் திறக்காம இருந்தவன். உன்ட ஆணத்துக்கு இந்த ஏச்சு ஏசுறான். என்ட வீட்டுல இருக்கக்குள்ளயும் இப்பிடித்தான் ஏசி ஏசித் தின்னுவான். சரி புள்ள, இப்ப நான் என்னத்தத் தின்னுறது?"

அம்மா குசினிப் பின்பக்கத்தால் சோறும் முருங்கையிலைச் சுண்டலும் கொடுத்துவிட்டார். மாமியாரும் நானும் அதைப் பகிர்ந்து சாப்பிட்டோம். என் ஆணத்தை அவர் ஒரு சொட்டு நாக்கில் வைத்துப் பார்த்து, "ஆ" என்று மட்டும் சொன்னார். வெயில் சாயத் தயிர் முட்டியைக் கழுவி எடுத்துக்கொண்டு தோணியேறினார். தனியாகத்தான் ஏறினார்.

அதற்குப் பிறகு என் மனுசன் என் ஆணத்தைக் குறை சொல்லாத நாள் இருந்ததாக எனக்கு நினைவில்லை. உப்புக் கூட என்பார், புளி காணாது என்பார், இது ஆணமா கஞ்சியா என்பார், சொல்லிக்கொண்டே பீங்கானை நீட்டுவார். காணும் என்ற வார்த்தை எங்கள் அடுப்படிக்கு வரவேயில்லை. நான் மெல்ல மெல்ல ஆக்கப் பழகினேன். ஒரு புளியோடு நிறுத்தவும் படித்தேன். அப்போதும் மணலை ஆக்கினால் ஒரு வாய் சாப்பிட்டுவிட்டு, "அண்டைய மாதிரி இல்ல" என்பார். அது புகழா ஏச்சா என்று நான் கேட்கவில்லை. கேட்க வெட்கம்.

இன்றைக்கும் பெண்கள் கூடி ஆணம் விசாரிக்கும்போது என்னிடம் கேட்டால், ஒன்று மட்டும் மெல்லச் சொல்வேன். எந்தப் புளி என்பதை நீங்களே பார்த்துக்கொள்ளுங்கள். சோற்றை மட்டும் கொஞ்சம் கூடுதலாக ஆக்கி வையுங்கள்.